நாற்பது போத்தல்கள்

கொழும்பு
03.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் மகள் சுலக்ஷனாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் இருக்கிறேன். தூக்கம் குறைவு, மற்றபடி சொல்வதற்கு ஒன்றுமில்லை.

போனில் சொல்லியிருக்கலாம்தான். லயத்து வீடுகளுக்குள் சிக்னல் கிடையாது, நீங்கள் கோயில் மேட்டுக்கு ஏறி வந்து பேசினாலும் பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோய்விடும். தோட்டத்துக் கந்தோருக்குக் கடிதம் போட்டால் உங்களை வேலைக்கு விரட்டுகிற கண்டாக்கையாவின் மேசையில் பத்து நாள் கிடக்கும். அதனால் வழக்கம்போல் சரிபுதீன் நானாவின் கடை விலாசத்துக்கே போடுகிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு விருது கிடைத்திருக்கிறது. நச்சியலில், அதாவது நஞ்சு உடம்பை என்ன செய்கிறது என்று ஆராய்கிற துறையில், கட்டுரை வெளியிட்ட இளம் ஆய்வாளர்களில் ஒருவரைத் தேர்ந்து வருடா வருடம் கொடுப்பது. ஜூலை பதின்மூன்றாம் திகதி இங்கே விழா. எங்கள் துறைத் தலைவி மேடம் என்னைக் கூப்பிட்டு, "இனி நிரந்தர வேலைக்கு உன்னை யாரும் ஒதுக்க முடியாது" என்றார். ஆறு வருடமாகத் தற்காலிகம், தற்காலிகம் என்றே கடிதம் வாங்கிக் களைத்துப்போனேன் அண்ணே. விருது என்றதும் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. எங்காவது போய்ப் படுக்கலாம் என்றுதான் இருந்தது.

அது நம் தோட்டத்துக் கட்டுரைதான். இரண்டு வருடத்துக்கு முன் நாற்பது போத்தலோடு வந்தேனே. புல்லு மருந்து அடிக்கிற இருபது ஆம்பிளைகள், மருந்தே தொடாத இருபது பேர். இரண்டு பக்கத்தார் சிறுநீரையும் ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இப்போது அடிக்கிற அளவில் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை என்பது முடிவு. வீடு வீடாகப் போத்தல் கொடுத்து, விடியக்காலையில் சேர்த்துத் தந்தது நீங்கள். கடைசிப் பத்தியில் நன்றி சொல்லி உங்கள் பேரைப் போட்டிருக்கிறேன். பிரதி இத்தோடு இருக்கிறது. இங்கிலீசுதான், உங்கள் பேர் எங்கே என்று சுலக்ஷனா காட்டுவாள்.

விருதுக்குழு ஆள் ஒருவர் போத்தல்களைச் சேர்த்த விதத்தைக் கேட்டிருக்கிறார். அன்று ஏதும் குழப்பம் நடந்ததா? இல்லையென்றால் அப்படியே எழுதிவிடுகிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை,
லோஜினி


தவறணைமலை, கீழ்ப்பிரிவு
மஸ்கெலியா
21.03.2024

அன்புத் தங்கச்சி லோஜினிக்கு அண்ணன் அழகன் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, பிறகு நேரத்துக்குத் தூங்கலாம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்துப் படித்தேன். சத்தமாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. சரிபுதீன் நானா, "எதுக்குடா தம்பி விருது?" என்றார். மூத்திரத்துக்கு என்றேன். மனிதர் தராசை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம் பிளேன்டீயும் தொதலும் கொடுத்து, "சும்மா இல்ல, ஒங்க லயத்துப் புள்ள" என்று கடையில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்குச் சந்தோஷம் வராவிட்டால் பரவாயில்லை பாப்பா, நாங்கள் சேர்த்துப் பட்டுக்கொள்கிறோம்.

என் பேரைச் சுலக்ஷனா விரல் வைத்துக் காட்டினாள். அந்தப் பிரதியைக் கந்தோருக்கும் கொண்டுபோனேன். தொரை படித்துவிட்டு, "வெரி குட் அழகன்" என்று கை கொடுத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர்கள் யாரும் எனக்குக் கை கொடுத்ததில்லை. ஒரு நகல் எடுத்துக்கொண்டு தந்தார்.

போத்தல் விஷயமெல்லாம் சரியாகத்தான் நடந்தது. இங்கே மழை இல்லை, கொழுந்து குறைவு. நிஷாந்தி உனக்கு மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள், யார் வந்தாலும் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணன்,
அழகன்


கொழும்பு
11.04.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சித்திரைக்கு எல்லாரும் புது உடுப்போடு கோயிலுக்குப் போவீர்கள். என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள், இந்த வருடமும் வர முடியவில்லை. நான் சுகம். அண்ணியின் காலில் இருந்த சேற்றுப்புண் ஆறிவிட்டதா?

நீங்கள் எழுதியபடியே குழுவுக்குப் பதில் அனுப்பினேன். அவர்களுக்குத் திருப்தி.

விழாவில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். "நீ தோட்டத்துப் பிள்ளைதானே, அதை மேடையில் சொல்லு" என்று மேடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பரிசோதனைச்சாலையில் என்னோடு வேலை செய்கிற அஸீலாவிடம் அவள் அப்பா என்ன தொழில் செய்தார் என்று யாரும் மேடையில் சொல்லச் சொல்வதில்லை. எனக்கு அலுத்துவிட்டது அண்ணே. நான் செய்த வேலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்க ஆசை.

உங்கள் உடம்பைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. மூன்று பேரும் சுகம் என்று மொத்தமாக எழுதினால் நான் எப்படி நம்புவது?

தங்கை,
லோஜினி


தவறணைமலை
12.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். என் உடம்பைத் தனியாகக் கேட்டிருந்தாய், எழுதுகிறேன்: கல்லு மாதிரி. போதுமா? அண்ணியின் புண் ஆறிவிட்டது.

இப்போது ஒரு சங்கடம் வந்திருக்கிறது. போன வருடம் யூனியன்காரர்கள் பேசி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. மருந்தடிக்கிற ஆட்களை ஜூன் மாதத்திலிருந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதிப்பது, உடம்பு கெட்டவனுக்கு முழுப் பேர் போட்டு, முழு நாள் சம்பளத்தோடு, லேசான வேலை கொடுப்பது என்று. அதற்காக எல்லாரும் காத்திருந்தோம். நேற்றுக் காலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கண்டாக்கையா உன் கட்டுரை நகலைத் தூக்கிக் காட்டினார்.

"இது யாரு எழுதினது தெரியுமா? நம்ம அழகனோட தங்கச்சி. ஒங்க மருந்தால ஒண்ணும் ஆகலனு கண்டுபுடிச்சிருக்கு. அப்புறம் எதுக்கு லொறி, எதுக்கு ஆஸ்பத்திரி?"

என்னோடு மருந்தடிக்கிற செல்லசாமி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான். வேலைக்கு ஏறும் வழியில், "ஒந்தங்கச்சி நல்லாப் படிச்சிருக்குடா" என்றான். அதைத் திட்டாகச் சொன்னானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மலையில் இரண்டு தரம் உட்கார்ந்து எழும்பித்தான் மருந்து டாங்கியைத் தூக்கினான்.

பாப்பா, அந்தக் கட்டுரையில் ஒரு வரி சேர்க்க முடியுமா? மருந்து ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்யும், சோதிப்பது நல்லது என்று. உனக்குத் தெரிந்த மாதிரி எழுது. சேர்க்க முடிந்தால் சீக்கிரம் சேர்.

அண்ணன்,
அழகன்


கொழும்பு
25.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி, சுலக்ஷனா சுகமா? எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, விட்டுப்போகும்.

உங்கள் கடிதம் எனக்குக் கோபத்தைத் தந்தது. மறைக்காமல் சொல்கிறேன். அச்சாகி வந்த கட்டுரையில் அண்ணன் கேட்டார் என்று ஒரு வரி சேர்க்க முடியாது. நாற்பது போத்தல், ஒவ்வொன்றையும் மூன்று தரம் சோதித்தேன். அவை சொன்னதைத்தான் எழுதினேன். மருந்து கெடுக்கிறது என்று வந்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன். உண்மையில் அப்படி வரும் என்றுதான் நினைத்தேன், அதற்காகத்தான் நம் தோட்டத்துக்கே வந்தேன். வரவில்லை. பார்க்க ஆசைப்பட்டதை எழுதுவதற்குப் பேர் ஆராய்ச்சி இல்லை.

லொறியை நிறுத்தியது அநியாயம். சோதனை வேண்டாம் என்று கட்டுரை எங்கேயும் சொல்லவில்லை. அதைத் தொரைக்குத் தனியாக எழுதுகிறேன், இந்த வாரமே.

ஆறு வருட உழைப்பு அண்ணே. இதில் யாரும் கை வைக்க வேண்டாம், நீங்களும்.

தங்கை,
லோஜினி


மஸ்கெலியா
14.06.2024

அன்புள்ள லோஜினிக்கு அண்ணி நிஷாந்தி எழுதுவது.

தடிமன் விட்டுதா? கொத்தமல்லி போட்டுக் குடி. இந்தக் கடிதம் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. சரிபுதீன் நானா பொஞ்சாதி ஹவ்வா உம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எழுத்து சரியாக வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கடைசியாக எழுதியதை அவர் நாலு தரம் படித்தார். இனியும் நான் சும்மா இருந்தால் பாவம்.

லோஜினி, அந்தப் போத்தல்கள் சரியில்லை. நீ போத்தலைக் கொடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே லயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. எவன் போத்தல் கெட்டிருக்கோ அவனை மருந்துக் கேங்கிலிருந்து நிப்பாட்டிடுவாங்க என்று. ஒப்பந்தமெல்லாம் அப்போது இல்லை. மருந்து வேலை பன்னிரண்டு மணிக்கு முடியும், முழுப் பேர் விழும், மத்தியானம் சொந்தத் தோட்டத்தில் லீக்ஸ் போடலாம். அதை விட்டால் எங்களுக்கு என்ன இருக்கு? அதனால் உடம்பில் குறை உள்ளவர்கள் வீட்டில் வேறு ஆளை விட்டு நிரப்பிக் கொடுத்தார்கள். செல்லசாமி அண்ணன் போத்தல் அவர் பொஞ்சாதி காளியாயியுடையது. இருபதில் பதினொன்று அப்படி.

நீ எங்களைத் திருடர்கள் என்று நினைத்துவிடாதே. அது களவு என்று அன்றைக்கு யாருக்கும் படவில்லை. காய்ச்சலில் கிடந்தால் வீட்டில் ஒரு ஆள் போய்ப் பெரட்டில் அவர் பேருக்கு நிற்பதில்லையா? அந்த மாதிரிதான். "லோஜினி கேட்டது நாப்பது, நாப்பதும் குடுத்தாச்சு" என்று உன் அண்ணன் சந்தோஷமாகத்தான் வந்தார்.

அவர் போத்தல் சுலக்ஷனாவுடையது.

அவருக்கு மூன்று வருடமாகவே நுரை நுரையாகப் போகிறது. இப்போது காலையில் கண் வீங்குகிறது, சாயங்காலம் பாதம் வீங்கிச் சப்பாத்துக்குள் நுழையவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "இப்ப போனா பாப்பாவோட விருது போயிரும், ஜூலை கழியட்டும்" என்கிறார். நீ சொன்னால் மட்டும்தான் கேட்பார். விருது உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு ஒரே புருசன்தான். நீ ஒரு சொல் சொல்லு.

அண்ணி,
நிஷாந்தி


தவறணைமலை
04.08.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? மே மாதத்துக்குப் பிறகு உன் கடிதமே இல்லை. ஜூலையில் இரண்டு தரம் மேட்டுக்கு ஏறி அடித்துப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. ஏற வர மூச்சு வாங்குகிறது, வயதாகிறதல்லவா.

பேப்பரில் உன் படம் வந்ததைச் சரிபுதீன் நானா வெட்டி வைத்திருந்தார். விருது வாங்குகிறாய். நீலச் சேலை நன்றாக இருக்கிறது. முகத்தில் ஒரு சிரிப்பைக் காணோம், படம் எடுத்தவன் சொல்லவில்லையா? மெலிந்துவிட்டாய். எப்படியோ வாங்கிவிட்டாய், எனக்கு நிம்மதி. கட்டுரையில் வரி கேட்டதை மறந்துவிடு. படிப்பில்லாதவன் கேட்டது.

செல்லசாமியை ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறது. இரண்டு கிட்னியும் போய்விட்டதாம், வாரத்துக்கு மூன்று தரம் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். பார்க்கப் போனேன். "நீயும் காட்டிக்கடா" என்றான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

அண்ணன்,
அழகன்


கொழும்பு
18.08.2024

அண்ணே,

நீங்கள் சுகமில்லை. அதனால் சுகம் கேட்டு எழுத என்னால் முடியவில்லை.

நீங்கள் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். அண்ணி ஜூனில் எழுதினார். அவரைத் திட்டாதீர்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்தபோது விழாவுக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே மேடை ஏறி விருதை வாங்கினேன். செல்லசாமி அண்ணனின் போத்தல் அவருடையதல்ல என்று தெரிந்துகொண்டு வாங்கினேன். உங்களுக்குப் பாதம் வீங்குகிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினேன். விழா முடியட்டும், இன்டர்வியூ முடியட்டும் என்று நாள் கடத்தினேன். உங்கள் போனை எடுக்க எனக்கு முகம் இல்லை.

விடுமுறையில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் நானே சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பேருக்குப் பெரட்டில் நிற்கவில்லையா? நம் ஆட்கள் பேருக்கு ஆள் அனுப்புவார்கள் என்று இந்தக் கொழும்பில் என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நான் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலிருந்தும் போத்தலை வாங்கியிருக்க வேண்டும். ஐஸ் கரைந்துவிடும், ஆறரை பஸ் போய்விடும் என்று பெட்டியோடு ஓடினேன். பிழை உங்களுடையதல்ல, என்னுடையது.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். மேசை லாச்சிக்குள் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், அனுப்ப முடியவில்லை. அதை அனுப்பினால் விருது போகும், வேலை போகும். 'தோட்டத்துப் பிள்ளை அப்படித்தான்' என்று சொல்வார்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட வலிக்கிறது. போத்தலைச் சேர்த்தவர் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் வேண்டும். உங்களிடம் அதை நான் கேட்கமாட்டேன். தொரைக்குத் தெரிந்தால் உங்களைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

நான் நல்லவள் இல்லை அண்ணே. எனக்குக் களைப்பாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. என்னை விடுங்கள், நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

லோஜினி


தவறணைமலை
15.09.2024

அன்புத் தங்கச்சி லோஜினிக்கு,

சுகம் கேட்காமல் எழுதியதற்கு முதலில் ஒரு குட்டு. சுகமில்லாதவனைத்தான் சுகம் கேட்க வேண்டும்.

நிஷாந்தி மேல் ஒரு நாள் கோபமாக இருந்தேன். சோற்றைப் போட்டு, "கோவத்தையும் சேத்துத் தின்னுங்க" என்றாள். அத்தோடு தீர்ந்தது.

செல்லசாமி போய்விட்டான். ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை. குழி வெட்ட வந்தவர்களில் ஆறு பேர் மருந்துக்காரர்கள், மாற்றி மாற்றி நாலு வெட்டு வெட்டிவிட்டு உட்கார்ந்தோம். நாங்கள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தே எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

பதினாறாம் நாள் முடிந்ததும் கோயிலடியில் கூடினோம். நான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். விருது வாங்கிய இடத்தையும் விடாமல் படித்தேன், மன்னித்துக்கொள். ஒருவன், "எழுதிக் குடுத்தா எல்லாத்தையும் கேங்கிலருந்து தூக்கிருவானுங்க" என்றான். அதற்குக் காளியாயி எழுந்தாள்.

"எம்புருசன் போத்தல நாந்தான் நெறச்சேன். அவருக்கு நல்லது செய்றேன்னு நெனச்சு நெறச்சேன். எங்க கைநாட்டு வைக்கணும், சொல்லுங்க" என்றாள்.

அப்புறம் யாரும் மறுத்துப் பேசவில்லை. வாக்குமூலம் இத்தோடு வருகிறது. சுலக்ஷனா நல்ல எழுத்தில் எழுதினாள்:

'தவறணைமலைத் தோட்டம் கீழ்ப்பிரிவில் புல்லு மருந்து அடிக்கும் அழகன் ஆகிய நான் சொல்வது. 2022ஆம் ஆண்டு என் தங்கையின் ஆராய்ச்சிக்காக நான் சேர்த்துக் கொடுத்த போத்தல்களில் பதினொன்று, மேலே பேர் எழுதியிருந்த ஆட்களுடையது அல்ல. என்னுடையது என்று கொடுத்தது என் மகளுடையது. இது என் தங்கைக்குத் தெரியாது. வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தோம்.'

கீழே பதினொரு பேர். செல்லசாமிக்காகக் காளியாயி.

தொரை என்ன செய்வாரோ தெரியாது. யூனியன்காரரிடம் ஒரு நகல் கொடுத்திருக்கிறோம். நீ உன் லாச்சியிலிருக்கிறதை அனுப்பு பாப்பா. மேடை ஏறினதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். என் இடத்தில் மகளை விட்டவன் நான், உன்னைச் சொல்ல எனக்கு வாய் ஏது?

அண்ணன்,
அழகன்


கொழும்பு
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கும் சுலக்ஷனாவுக்கும் என் அன்பு. காளியாயி அக்கா எப்படி இருக்கிறார்? யாராவது கூட இருக்கிறார்களா?

உங்கள் வாக்குமூலம் வந்த மறுநாளே எல்லாவற்றையும் அனுப்பினேன். அண்ணியின் கடிதம் வந்த திகதியையும் சேர்த்தே எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றதாகப் போன வாரம் அறிவித்துவிட்டார்கள். விருதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட ஆள் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் படிவம் தேடினார். அப்படி ஒரு படிவம் அவர்களிடம் இல்லை.

நிரந்தர வேலை எனக்கு இல்லை. தற்காலிகம் டிசம்பர் வரைக்கும். மேடம் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் தானே வந்து, "மறுபடி செய்வாயா?" என்று கேட்டார். செய்வேன் என்றேன். இந்த முறை இரத்தமும் எடுக்க வேண்டும், கூட ஒரு டொக்டர் வருவார். அவரவர் கையிலிருந்து நானே வாங்குவேன். ஆட்களின் பேர் எதிலும் வராது, இலக்கம் மட்டும்தான் போடுவோம், தொரையால் யாரையும் பிடிக்க முடியாது. உங்களைக் கேங்கிலிருந்து நிறுத்தியதாக அண்ணி சொன்னார். என்ன வேலை தந்திருக்கிறார்கள்?

தொரைக்கு அறிவிப்பின் நகலை அனுப்பினேன். லொறியைப் பற்றிப் பதில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? அண்ணியைக் கேட்டால், "உங்கண்ணன் எழுதுவாரு" என்கிறார். எழுதுங்கள்.

தங்கை,
லோஜினி


தவறணைமலை
09.11.2024

அன்புத் தங்கச்சி லோஜினிக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய சேலை நிஷாந்திக்குப் பிடித்திருக்கிறது. காளியாயியோடு அவள் தங்கச்சி வந்து இருக்கிறாள். எனக்கு இப்போது புல்லு வெட்டுகிற வேலை, மலை ஏறி இறங்க வேண்டும். லொறி இன்னும் வரவில்லை. யூனியன்காரர்கள் மறுபடி பேசப் போயிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய்க் காட்டினேன். உனக்கு எண் வேண்டும் அல்லவா, எழுதிக்கொள். கிரியேட்டினின் மூன்று புள்ளி நான்கு. துண்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நல்லவனுக்கு ஒன்று இருக்குமாம். கிட்னி இரண்டும் கால்வாசிதான் வேலை செய்கிறது, உப்பைக் குறைத்து மருந்தை ஒழுங்காகக் குடித்தால் சில வருடம் இழுக்கலாம் என்றார் டொக்டர். முன்னமே வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார்.

பாப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது. நிஷாந்தியிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நிஜமாகவே பயமாக இருக்கிறது.

நீ டொக்டரோடு எப்போது வருகிறாய் என்று ஆட்கள் கேட்கிறார்கள். மற்ற ஒன்பது பேரும் கொடுப்பார்கள், நான் பேசிவிட்டேன். சீக்கிரம் வா.

புதுக் கட்டுரையில் பேர் வராது என்று எழுதியிருக்கிறாய், சரி. அச்சாகி வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அதில் நான் எத்தனையாவது இலக்கம் என்று மட்டும் சொல். சுலக்ஷனா விரல் வைத்துக் காட்டாமல், நானே தேடிப் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
அழகன்